இரண்டு கட்டைகளுக்கு நடுவே

போன சனிக்கிழமை என்னோடு படிப்பிக்கும் சிநேகிதியின் புளியந்தீவு வீட்டில் இருந்து சோதனைத் தாள் திருத்திக்கொண்டிருந்தோம். வானொலியில் அந்தத் தோணிக்காரன் பாட்டுப் போனது. கிராமத்து மெட்டு ஒன்றை எடுத்து, கித்தாரும் பியானோவும் சேர்த்துக் கொழும்பில் யாரோ பாடியது. கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டு ஊருக்கே அலுத்துப்போன பாட்டு. எனக்கு மட்டும் அலுக்கவில்லை. சிவப்புப் பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன். "என்ன கா, பாட்டுக்கும் புள்ளி போடப்போறியா?" என்றாள் சிநேகிதி. போடச் சொன்னால் நூறு போட்டிருப்பேன்.

எல்லோரும் அதில் பாடுகிறவரின் குரலைத்தான் புகழ்வார்கள். நான் சொல்வது அடியில் ஓடும் பியானோவை. தொடக்கத்தில் இடது கை இரண்டே சுரங்களை மாறி மாறித் தட்டும், கரையில் கட்டிய தோணியை அலை இடிப்பது போல. வலது கை அநேகமாகச் சும்மா இருக்கும். இரண்டாவது அடியிலும் அதே மெட்டுத்தான், ஒரு சுரம்கூட மாறவில்லை. ஆனால் பியானோ அடியில் வேறு மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. உடனே, முதலில் சிரித்த அதே வரி இப்போது அழுகையை அடக்குவது போலக் கேட்கிறது. முகம் அதேதான், விளக்கை மறுபக்கம் மாற்றி வைத்தாயிற்று. கடைசியில் குரல் ஏறி, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் எங்கோ நின்று நடுங்கும். அந்த இடத்தில் பியானோக்காரர் இரண்டு கைகளையும் எடுத்துவிடுகிறார். ஒரு மூச்சு நேரம் குரல் தனியே நிற்கிறது. அது இறங்கி வந்த பிறகுதான் கைகள் திரும்பவும் வருகின்றன. தன் வாத்தியத்தில் இல்லாத சுரம் அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படியும் செய்யலாம் என்று பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பியானோ என்றதும் எனக்கு முதலில் வருவது பூச்சி உருண்டை மணம். எங்கள் மிஷன் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த பியானோவுக்குள் கறையான் வராமல் இருக்க சங்கீதம் படிப்பித்த மிஸ் அந்த உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தார். மாரி காலத்தில் வாவிக் காற்றுப் பட்டு விரல் வைக்கும் சுரக் கட்டைகளில் இரண்டு மூன்று ஊதிப்போகும், அமுக்கினால் எழும்பாது. மிஸ் வாசித்துக்கொண்டே சின்ன விரலால் அவற்றை நிமிண்டி எழுப்பிவிடுவார். பறங்கியர் வீட்டுப் பெண்மணி. கையில்லாத கவுன் போடுவார், தமிழை எங்களைப் போலவே பேசுவார்.

நான் மண்டூர்ப் பக்கத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா கைநாட்டு. எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள் நான்தான் என்பதை நானும் மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விடவில்லை. விடுதியில் இருந்து லீவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் எதையாவது திருத்திவிட்டுத்தான் திரும்புவேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்றேன். அது சரிதான். சொற்களை இழுத்துப் பேசக்கூடாது என்றேன். மாட்டின் பெயர் நாகரிகமாக இல்லை என்று அதையும் மாற்றினேன். வீட்டார் எல்லோரும் இணங்கினார்கள், மாட்டைத் தவிர.

பள்ளிக்கூட விழாவுக்கு ஊர்ப் பாட்டு ஒன்று வேண்டும், யாருக்குத் தெரியும் என்று மிஸ் ஒருநாள் கேட்டார். ஊரில் இருந்து வந்த பிள்ளைகள் ஊரில் இருந்து வந்ததைக் காட்டிக்கொள்வார்களா? நான் எழும்பினேன். வெட்கம் இல்லாததால் அல்ல, முன்னுக்கு நிற்கும் ஆசையால். சித்திரை வருடப் பிறப்புக்கு அம்மா முன்பாட்டுச் சொல்லும் ஊஞ்சல் பாட்டைப் பாடினேன்.

'காத்தே காத்தே கொஞ்சம் நில்லு, கரைக்கு வருகுது எங்கட தோணி' என்று அது வரும். ஊஞ்சல் ஏறி, உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்கும் பாருங்கள், அந்தக் கணத்தில்தான் அம்மா 'நில்லு' என்பா. கயிறு இறங்கும்போது பாட்டும் இறங்கும்.

மிஸ் ஒவ்வொரு சுரமாகக் கட்டையில் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். 'நில்லு'வில் நின்றுவிட்டார். ஒரு கட்டையை அமுக்கினார், பக்கத்துக் கட்டையை அமுக்கினார், என்னைத் திரும்பப் பாடச் சொன்னார்.

"நீ ரெண்டுக்கும் நடுவில பாடுறாய் பிள்ளை. அப்பிடியொரு கட்டை இதில இல்லையே. லீவில போய் அம்மாட்ட ஒருக்காக் கேட்டுக்கொண்டு வா."

கேட்டுக்கொண்டு வா என்றுதான் சொன்னார். நான் திருத்திவிட்டு வரப் போனேன்.

சித்திரை லீவு. வீட்டு வளவில் ஊஞ்சல் கட்டியிருந்தது. பலகையில் இரண்டு பெண்கள் நின்று உழக்க, அம்மா கீழே நின்று பாடிக்கொண்டிருந்தா. 'நில்லு' என்றதும் நான் கையை உயர்த்தினேன், வகுப்பில் செய்வது போல.

"அம்மா, அதில பிழையாப் பாடுறீங்க."

அடுத்த வளவு மாமிதான் முதலில் வாய் திறந்தா. "ஊஞ்சலுக்கும் பள்ளிக்கூடம் வந்திட்டு கா. இனிக் கயித்துக்கும் சோதனை வைப்பாள்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சரியானதைக் காட்டச் சொன்னா. பியானோவில் அந்த இரண்டு கட்டைகளில் மேல் கட்டை சொன்ன சுரத்தை நான் பாடிக் காட்டினேன். அம்மா திருப்பிச் சொன்னா. பழைய இடத்துக்கே வழுக்கிப் போனது. இல்லை என்றேன். திரும்பவும். இல்லை என்றேன். ஊஞ்சல் ஆட்டம் குறைந்து குறைந்து தானே நின்றது. பலகையில் நின்றவர்கள் இறங்கிப் போனார்கள். அந்த லீவு முழுவதும் அம்மா நெல்லுக் குத்தும்போதும் பானை கழுவும்போதும் அந்த ஒரு சொல்லை மெதுவாகப் பாடிப் பாடிப் பார்த்தா. நான் பள்ளிக்கூடம் திரும்புவதற்கு முதல் நாள் சரியாக வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

விழாவுக்கு அம்மா நல்ல சேலை உடுத்து, துறையில் தோணியேறி, பிறகு பஸ் பிடித்து வந்தா. மிஸ் அந்தப் பாட்டுக்குக் கட்டிய இசை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் மெட்டைப் பாட, மீதிப் பேர் அதற்குக் கீழே வேறொரு வரிசையில் போவோம். இரண்டும் 'தோணி'யில் வந்து சேரும்போது பியானோ அகன்று விரியும், வாவி கடலைத் தொடும் முகத்துவாரம் போல. அழகுதான். அதை இப்போதும் குறை சொல்ல மாட்டேன்.

முடிந்த பிறகு மிஸ் அம்மாவைப் பியானோவுக்குப் பக்கத்தில் அழைத்து, நீங்கள் ஒருதரம் பாடுங்கள் என்றார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே பாடினா. 'நில்லு' அச்சாகக் கட்டையில் விழுந்தது.

"அப்ப மகள்தான் எனக்குப் பிழையாப் பாடிக் காட்டினவ போல," என்றார் மிஸ்.

"இல்ல மிஸ். நான்தான் பிழையாப் பாடின. மறுகா மகள் திருத்தித் தந்தவ."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பியானோவில் இருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் மிகவும் மெதுவாக, முந்திப் பாடின மாதிரி ஒருக்காப் பாடுங்கோ என்று கேட்டார். அம்மா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடினா. மூடிய கை கொஞ்சம் இறங்கியது. பாடத்தான் போனா.

"அம்மா, பஸ் போயிரும்," என்றேன் நான்.

பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அம்மாவுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. மண்டபத்துச் சுவரில் மணிக்கூடு தொங்கியது. மிஸ்ஸுக்குப் பார்க்கத் தெரியும். அவர் பியானோ மூடியைச் சாத்தினார்.

அடுத்த சில வருடங்களில் மிஸ் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அடுத்த வளவு மாமி காய்ச்சலில் போனா. அந்த ஊஞ்சலடியில் நின்று பாடிய மற்றவர்களும் அம்மா சொல்லுகிற மாதிரியே பாடுகிறவர்கள். அம்மா மாறியபோது அவர்களும் மாறிவிட்டார்கள். நானே தனியாக இருந்து பாடிப் பார்க்கிறேன். தொண்டை நேராகப் போய்க் கட்டையில்தான் உட்காருகிறது. பழைய இடம் எங்கே இருந்தது என்பதே பிடிபடவில்லை.

வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்ட மறுநாள், ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ஊஞ்சல் பாட்டைப் பாடச் சொன்னேன். கையில் செதிலோடு பாடினா. குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி தெளிவு. 'நில்லு' வந்தது. சுத்தம்.

"இது இல்ல அம்மா. முந்தி நீங்க பாடின மாதிரி."

அம்மா கத்தியை வைத்துவிட்டு, பாடம் ஒப்புவித்த பிள்ளை போல என் முகத்தைப் பார்த்தா.

"இப்ப நான் அதில பிழை விடுறதில்ல மகள்," என்றா.