பிரசாதத்துக்குப் பத்தியம் இல்லை என்று நினைத்தேன்

முதலில் முழங்கையில்தான் சிவப்பாக ஒரு திட்டு வந்தது. சொறிந்தால் மாவு போல உதிரும். இரண்டு மாதத்தில் உள்ளங்கைக்கும் வந்துவிட்டது. சோரியாசிஸ் (தோல் செதில் செதிலாக உதிரும் நோய், பிறருக்கு ஒட்டாது) என்றார்கள்.

ஒட்டாது என்று நான் எத்தனை தடவை சொல்லியும் வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. திருவனந்தபுரத்துக் கரமனையில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை என் வேலை. அந்த வருஷம் மைத்துனர் மனைவி லலிதா மாவுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நைவேத்தியமாச்சே மன்னி. நீங்க உக்காந்து சொன்னாப் போறும்."

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எழுதும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த சதுர்த்திக்குள் கை சரியாக வேண்டும் என்று ஆயுர்வேத வைத்தியத்துக்குப் போனேன். கசப்புக் கஷாயம், ஸ்நேகபானம் (மருந்து நெய்யை வெறும் வயிற்றில் நாளுக்கு நாள் அளவு கூட்டிக் குடிப்பது), பிறகு பேதி மருந்து. வெல்லம், தயிர், எள் கூடாது. எல்லாம் செய்தும் புதிது புதிதாகத் திட்டு வந்தது.

"பத்தியம் சரியா நோக்குறீங்களா அம்மா?" என்றார் மலையாளி டாக்டரம்மா.

"தயிர் ஒரு சொட்டுத் தொடலை. கோவில் பிரசாதம் மட்டுந்தான்."

கை குணமாகப் பழவங்காடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தினமும் போய்வந்தேன். மோதகம் வாங்கினால் குறைந்தது இரண்டு சாப்பிடுவேன். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"எந்தா அம்மா, கோவில்ல கிடைச்சா வெல்லம் வெல்லமில்லையோ? கண்ணுல ஒத்திக்கிட்டு மத்தவங்களுக்குக் கொடுங்க. பகவான் கோவிச்சுக்க மாட்டாரு. நான்தான் கோவிப்பேன்."

பஸ்ஸில் பிள்ளையாரிடமே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். நீயாவது சொல்லக் கூடாதா என்று. இதைப் படிக்கிற நோயாளிகளே, வாயில் போடுவது எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரசாதம் தின்பதை நிறுத்தியபிறகு நோய் மெல்ல மெல்லத் தணிந்தது. அடியோடு போகாது, வரும், அடங்கும் என்றார் டாக்டரம்மா. விடிந்ததும் உள்ளங்கையைப் பார்த்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். முன்பு, என்றைக்குப் போகும் என்று கேட்டுக் கும்பிடுவேன். இப்போது, இன்றைக்கு இப்படி என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

சதுர்த்தி வந்தது. லலிதாவே மாவோடு வந்தாள்.

"கை நன்னாயிடுத்தே மன்னி, நீங்களே பண்ணுங்கோ."

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஓரத்தில் இரண்டு திட்டு இருந்தது.

"அப்பவும் இதே கைதான் லலிதா. இதோட பண்ணலாம்னா மாவை வை. இல்லேன்னா எடுத்துண்டு போ."

வைத்தாள்.

நைவேத்தியம் ஆனதும் ஒரு கொழுக்கட்டையைக் கண்ணில் ஒற்றி அவள் கையில் வைத்தேன். அவள் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.