சிவப்பு நூல் கட்டிய கதிர்

நவரட்ணராஜா ஐயா காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, கறுப்புக் குடையோடு நெல்லுக்கு நடுவில் நிற்பார். ஊர் சாவகச்சேரி. கண்டிக்குப் பக்கத்துப் பண்ணையொன்றில் பன்னிரண்டு வருடமாக நெல் ஆராய்ச்சி. கலியாணம் எப்போது என்று கேட்டால், "அறுவடை முடியட்டும்" என்பார். தேயிலைத் தோட்டத்து லயவீட்டில் வளர்ந்த நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு அங்கே களை பிடுங்கினேன்.

"இலை தன்பாட்டிலை சாகிறேல்லை, பிள்ளை. 'உழைச்சது காணும், இனிச் சாவு' எண்டு சொல்ல உள்ளுக்கை ஒரு மரபணு இருக்கு. அது பழுதான செடி சொல்லுக் கேளாது. கடைசிமட்டும் பச்சையா நிண்டு கதிருக்குச் சாப்பாடு அனுப்பும்."

"எங்க லயத்துல அந்தச் செடி நான்தாங்கய்யா."

"அதுதான் உன்னைக் களைக்குள்ளை விட்டிருக்கிறன்."

நாலு வருடம் தேடி அப்படி ஒரே ஒரு செடியைக் கண்டுபிடித்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் அதன் கதிர்களை அறுத்துச் சிவப்பு நூல் கட்டினார். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, மஞ்சளாகிப்போன செடியின் கதிர்களுக்கு வெள்ளை நூல். காய்ந்தபின் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"நூல் இல்லாட்டியும் என்ரை பிள்ளையை எனக்குத் தெரியும்" என்று பெருமையடித்தார். விடுவேனா? பின்னேரமே நூல்களை மாற்றிக் கட்டிவிட்டேன். மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் சொல்லிச் சிரிப்பதாக எண்ணம்.

மறுநாள் இனக்கலவரத்தில் கண்டியில் தமிழ்க் கடைகள் எரிந்தன. நாங்கள் பண்ணைக் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருந்தோம். அவரை அகதி முகாமுக்கு ஏற்ற லொறி வந்தபோது ஐயா குடையைக்கூட எடுக்கவில்லை. சிவப்பு நூல் கட்டிய கதிர்க்கட்டை மட்டும் சட்டைக்குள் செருகினார்.

"ஐயா, அது வந்துங்க…"

"என்ன பிள்ளை?"

அவர் சட்டைக்கு மேலால் அந்தக் கட்டை அழுத்திப் பிடித்திருந்தார். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. பாத்துப் போங்க."

மாசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. 'விதைத்துப் பார்த்தேன், பிள்ளை. எல்லாம் மஞ்சளாகிவிட்டது. மரபணு என்று நான் நினைத்தது வெறும் எருவின் வேலையாக இருக்கும். நாலு வருடம் என்னையே ஏமாற்றியிருக்கிறேன். குறிப்புப் புத்தகங்களை எரித்துவிட்டேன். இப்போது கணக்கு ரியூசன் கொடுக்கிறேன்.'

வெள்ளை நூல் கட்டை நான் பத்திரமாக வைத்திருந்து, லயத்துக்குப் பின்னால் பழைய தகரத் தொட்டியில் விதைத்திருந்தேன். கதிர் பழுத்துத் தலை சாய்ந்தும் இலை பச்சையாகவே நின்றது.

நான் செய்ததை எழுதி, முப்பது நெல்லும் ஓர் இலையும் வைத்து அனுப்பினேன். இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. உறைக்குள் அந்த இலையும் இப்போது காய்ந்திருக்கும்.