லிஃப்ட்காரரின் கிட்டார் சத்தம்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான் அவர் காதில் விழும் ஒரே பேச்சு. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் போனால், நாள் முழுக்கக் கிரீஸும் இரும்புக் கயிறும்தான் துணை. நம்மவருக்கு வயது நாற்பத்துநான்கு. ஒண்டிக்கட்டை. கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்துப்போன அக்கா, இப்போதெல்லாம் போனில் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பித் தன் அறைக் கதவைச் சாத்தினால் மட்டும் ஆளே வேறு. ஹார்ட் ராக் இசைப் பைத்தியம். கிட்டார் அடிமாட்டு விலைக்கு வந்த பழசு. அதன் கழுத்து வளைவை அவரே நிமிர்த்தினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைத் திருப்புளியால் இம்மியளவு இறக்குவார், தட்டிக் கேட்பார், மறுபடி ஏற்றுவார். ஆம்ப்ளிஃபயரில் இருந்த சோப்பளாங்கி ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய சாமான் கடையில் கிடைத்த பெரியதற்குத் தானே பெட்டி அடித்து மாட்டினார். கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழ் முழுசாக ஏறியிருக்கும். அடி ஒலியும் உச்ச ஒலியும் எகிறும். நடு ஒலி பூஜ்யம். அந்த வைப்பில் ஒரு கம்பியைத் தட்டினாலே நாலு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல அறை நிரம்பிவிடும். ஒன்பது வருடம் இந்தச் சத்தத்துக்காகத்தான் மனுஷன் அல்லாடினார். கேட்கத்தான் ஆள் இல்லை.

இசைக்கருவிக் கடைச் சுவரில் ஒருநாள் ஒரு சீட்டைப் பார்த்தார். 'ஹார்ட் ராக் குழுவுக்கு கிட்டார் வாசிக்க ஆள் தேவை.' போன் செய்யத் தைரியம் வர மூன்று நாள் ஆயிற்று. ஞாயிறு காலை வரச் சொன்னார்கள். வாரம் முழுக்கக் காலி லிஃப்டுக்குள் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை போவதற்கு ஓர் இடம், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க இரண்டு பேர். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இடம் ஒரு கார் ஷெட். கிட்டாரோடு தன் ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினார். ட்ரம்ஸ் வாசித்த பெண் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். அடி ஒலிக்கான பேஸ் கிட்டார் வாசித்தது அவளுடைய தம்பி. குச்சியைத் தட்டி எண்ணிவிட்டு அவள் ஆரம்பித்ததும் நம்மவர் கை பறந்தது. ஆனால் அவர் கிட்டார் சத்தத்தைக் காணோம். வால்யூமை ஏற்றினார். அப்போதும் காணோம். அவள் நிறுத்தினாள்.

"அண்ணா, வாசிக்கிறீங்களா?"

"வாசிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

அவள் எழுந்து வந்து குமிழ்களைப் பார்த்தாள். "நடுவுல ஒண்ணுமே வைக்கலியே! கீழ இருக்கிறத பேஸ் தின்னுடும், மேல இருக்கிறத என் சிம்பல் தட்டு தின்னுடும். கிட்டாரோட இடமே நடுவுலதாண்ணா."

கெயினைப் பாதியாக்கி நடுவை ஏற்றினாள். தட்டிப் பார்த்தார். ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல இருந்தது. "இதுவா?" என்று முகம் சுளித்தார். ஆனால் மூவரும் சேர்ந்து வாசித்தபோது அந்தச் சத்தம் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வேகம் ஏறிக்கொண்டே போனது. தம்பி மூன்று தடவை நிறுத்தி அவரைத் திரும்ப இழுத்துவர வேண்டியிருந்தது.

"கடைசியா யார்கூடண்ணா வாசிச்சீங்க?"

"ரொம்ப நாளாச்சு தம்பி" என்று கூசாமல் சொன்னார். யாருடனும் வாசித்ததே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. வேற ஒருத்தர் கிடைச்சிட்டாரு."

"அதனாலென்னம்மா. நல்லா வாசிக்கிறாரா?"

"நிதானமா வாசிக்கிறாரு. நாங்க வாசிக்கிறதக் கேட்டுக்கிட்டே வாசிக்கிறாரு."

"சந்தோஷம்மா" என்றார். அழுகை வந்தது. போனை வைக்கும்வரை அடக்கிக்கொண்டார்.

பிறகு கிட்டாரை எடுத்தார். ஷெட்டில் அவள் திருப்பி வைத்தபடியே இருந்தன ஆம்ப்ளிஃபயரின் குமிழ்கள். பழையபடி திருப்பினால் அறை நிரம்பிவிடும், அவருக்குத் தெரியும். திருப்பவில்லை. அதே பாட்டை மெதுவாக, பாதத்தால் தாளம் தட்டிக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தார். வறட்டுச் சத்தம். ட்ரம்ஸ் வந்து சேர வேண்டிய இடத்தில் நிறுத்தி, காது கொடுத்துக் காத்திருந்தார். ஒன்பது வருடமாகத் தான் தனியாக இருப்பது அப்போதுதான் அவருக்குக் கேட்டது.