கண்ணகி மிஸ்ஸின் மெதுவான வகுப்பு

ஆரணியில் அவளைக் கராத்தே மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணகிக்குக் கராத்தே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தாய் சி. அதுவும் சண்டைக்கலைதான், ஆனால் பார்க்கிறவர்கள் சண்டை என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர் மாதிரி கையும் காலும் அவ்வளவு மெதுவாகப் போகும். இதை எத்தனை பேருக்கு விளக்கிக்கொண்டிருப்பது? கராத்தே மிஸ்ஸாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டாள்.

செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போனபோது கற்றது அது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் அம்மா ஒருத்தி, சாப்பாட்டு வேளையில் இவளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போவாள். இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. அவள் இவள் கையைப் பிடித்து நகர்த்தினாள், இவள் நகர்ந்தாள். முதுகு சரியானது. பிறகு அந்த அம்மாவை அவள் ஊருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று கண்ணகியையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தனக்கென்று ஒருவர் மெனக்கெட்டுக் கொடுத்த பொருள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். விட மனசு வரவில்லை.

பட்டுக்கடை அருணகிரி நடத்தும் நர்சரி பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தாய் சி சொல்லிக்கொடுக்கச் சாயங்காலம் அரைமணி நேரம் கெஞ்சி வாங்கினாள். 'பதறாத காரியம் சிதறாது' என்று பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருந்ததை நம்பிக் கேட்டாள், பாவம். சுவரில் எழுதுவதெல்லாம் சுவருக்குத்தான்.

பிள்ளைகள் பாதிக்கு மேல் பவர்லூம் ஓடும் வீட்டுப் பிள்ளைகள். கத்தினால்தான் காதில் விழும் என்று பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். அவர்களிடம் மூச்சு, நிதானம் என்றெல்லாம் பேசினால் நடக்குமா? கண்ணகி விளையாட்டு காட்டினாள்.

"உங்க கையில ஒரு பூனைக்குட்டி தூங்கிகினு இருக்கு. அத்த எழுப்பாம திரும்பணும்."

"இன்னா கலர் மிஸ்?"

"உனக்கு எது புடிக்குமோ அது."

"என்னுது பச்சை!"

நிலா என்றொரு பெண் இருந்தது. யாராவது பக்கத்தில் வந்தாலே அழும், இல்லாவிட்டால் கடிக்கும். அந்தப் பூனைக்குட்டி கைக்கு வந்த நாளிலிருந்து அரைமணி நேரம் முழுக்க வாயைத் திறக்காது. நாக்கைக் கடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, தரைக்கே வலிக்காத மாதிரி அடி வைக்கும். வேன் வந்ததும் இரண்டு கையையும் நீட்டி, "நாளிக்கி வரிக்கும் நீங்க வெச்சிக்கோங்க மிஸ்" என்று ஒப்படைத்துவிட்டுப் போகும். கண்ணகியும் வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் அருணகிரி வந்து பார்த்தார்.

"ஏம்மா, நீ சொல்லிக்குடுக்கறது இன்னான்னே புரியலியே. இதுல பெல்ட் உண்டா, மெடல் உண்டா?"

"இல்லீங்க சார்."

"ஆண்டு விழாவுல மேடை ஏத்து. பெத்தவங்களுக்குப் புடிச்சா வகுப்பு இருக்கட்டும். இல்லன்னா போளூர்ல ஒரு கராத்தே மாஸ்டர் கேட்டுகினே இருக்கார்."

விழாவன்று புல்லாங்குழல் இசை ஒலிக்க, பிள்ளைகள் பூனைக்குட்டிகளோடு மேடையில் நடந்தார்கள். அப்படி ஒரு அழகு. ஆனால் ஜனங்களுக்குப் பொறுமை ஏது? முதல் வரிசையிலேயே கொட்டாவி. பின்னால் பேச்சுச் சத்தம். அருணகிரி மைக்செட்காரர் பக்கம் திரும்பி, "ஜல்தி, ஜல்தி" என்று கையைச் சுழற்றினார். மைக்செட்காரர் ஒரு குத்துப்பாட்டைத் தட்டிவிட்டார்.

அவ்வளவுதான். பூனைக்குட்டிகள் போன இடம் தெரியவில்லை. பிள்ளைகள் குதித்தார்கள், இடுப்பை ஆட்டினார்கள், கூட்டம் எழுந்து விசிலடித்தது. நிலா மட்டும் கையில் இருந்ததை எழுப்பாமல் நடந்துகொண்டிருந்தது. ஊரே ஆடும்போது ஒருத்தி நிதானமாக நடந்தால் சும்மா விடுவார்களா? கைகாட்டிச் சிரித்தார்கள்.

அருணகிரிக்கு வாயெல்லாம் பல். "இது, இதத்தான்மா எதிர்பார்த்தேன்! இத்தயே சொல்லிக்குடு. அந்தக் கராத்தே மாஸ்டர வேணாம்னுட்டேன், போ." வகுப்பு பிழைத்துவிட்டது. வாழ்த்துகூடச் சொன்னார்கள். கண்ணகிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கூட்டம் கலைந்தபின் நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா பானுப்ரியா வந்தாள். அழுதிருந்தாள்.

"மிஸ், எம்பொண்ணுக்கு மூளை மந்தமாங்க? எல்லாம் ஆடுதுங்க, இது ஒண்ணு மட்டும் இப்பிடி. வேலூருக்குக் கூட்டினு போயி டாக்டராண்ட காட்டணுமா?"

"ஐயோ, இல்லீங்க. அவ ஒருத்திதாங்க சரியா செஞ்சா."

"எல்லாரும் சிரிச்சாங்களே மிஸ்."



திங்கட்கிழமை சாயங்காலம் முதல் ஆளாக ஓடி வந்தது நிலாதான். பானுப்ரியா வேனில் அனுப்பாமல் தானே அழைத்துப்போக வந்து, கேட்டருகே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணகி போனில் அந்தக் குத்துப்பாட்டைப் போட்டாள். நிலா பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தது. தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வேர்த்து விறுவிறுத்து, அம்மா பக்கம் ஒரு பார்வை, மிஸ் பக்கம் ஒரு பார்வை.

"மிஸ், நான் ஜல்தியா ஆடறேன் பாருங்க. நான் மந்தம் இல்லதானே?"

கண்ணகி கேட்டைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"இல்லடி கண்ணு. நல்லா ஆடுற" என்றாள். பாட்டின் சத்தத்தைக் கூட்டினாள்.