சுடாத பிராகாரம்

என் பாதங்கள் சாதாரணப் பாதங்கள் அல்ல என்று இந்த ஜூலை வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். என்னிடம் ஆதாரம் இருந்தது.

இலஞ்சி முருகன் கோவில். குற்றாலச் சாரல் ஏமாற்றிவிட்ட ஒரு முற்பகல். நடை சாத்துவதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று குடும்பத்தோடு போயிருந்தோம். பிராகாரத்துக் கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். மச்சினன் நிழலுக்கு நிழல் தாவினான்.

நான்? பல்லக்கில் வரும் உற்சவர் மாதிரி நிதானமாக வலம் வந்தேன்.

"அத்தான், ஒங்களுக்குக் கால் சுடலியா?" என்றான் மச்சினன், மதிலோரம் ஒற்றைக் காலில் நின்றபடி.

"வயக்காட்டுல நடந்த பரம்பரை மாப்ள. ஒங்கள மாதிரி பஞ்சுக் காலா?"

உண்மையில் வயலில் நடந்தது என் தாத்தா. நான் நடந்ததெல்லாம் ஆபீஸ் நாற்காலியிலிருந்து கேன்டீன் வரை. இருந்தாலும் சூடு தெரியவில்லையே... பரம்பரை இல்லாமல் வேறென்ன?

எல்லோரும் வியந்தார்கள், என் மகள் சங்கரியைத் தவிர. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் போடியாட்ரி படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். போடியாட்ரி என்றால் பாத மருத்துவம். பாதம் மட்டும்தான். அவள் அதில் சேர்ந்தபோது, "எடது காலுக்கு ஒரு டிகிரி, வலது காலுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டு ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்தான்.

காலை மாற்றி மாற்றித் தூக்கியபடி அவள் என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு சுகர் வந்து எத்தன வருஷம் இருக்கும்?"

சாமி கும்பிட வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது?

தென்காசி வீட்டுக்கு வந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. தரையில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்தாள். பிள்ளைகள் காலைத் தொட்டால் நாம் என்ன செய்வோம்? என் கை தானாக உயர்ந்து ஆசீர்வதித்தது.

"கைய எறக்குங்கப்பா. கண்ண மூடுங்க. இத வச்சு அங்கங்க தொடுவேன். தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

பரீட்சை! எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். இவள் தொடுகிறாளா, இல்லையா? ஃபெயிலாகிவிடுவேனோ? பள்ளிக்கூடத்தில் கைகொடுத்த உத்தியே இப்போதும் கைகொடுக்கும் என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டேன்.

"ஆமா... ம், ஆமா... ஆமா."

கண்ணைத் திறந்தேன்.

"நான் தொட்டப்பல்லாம் சும்மா இருந்தீங்க," என்றாள். "இப்ப நான் தொடவே இல்லப்பா."

"எனக்கும் கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தான் ஆமா போடுதாரு," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

நான் சிரித்தேன். சங்கரி சிரிக்கவில்லை. என் வலது பாதத்தைத் திருப்பி, மொபைல் டார்ச்சை அடித்தாள்.

"அம்மா, இங்கன கொஞ்சம் வாயேன்."

மனைவி வந்தாள். பார்த்தாள். அதன்பிறகு அவளும் ஜோக் அடிக்கவில்லை. பெருவிரலுக்குக் கீழே வடை அளவுக்கு ஒரு கொப்புளம். அதன்மேல் நடந்துதான் கார் வரைக்கும் வந்திருக்கிறேன். வழியில் இறங்கி டீ வேறு குடித்திருக்கிறேன்.

"வலிக்குதாப்பா?"

"கொஞ்சங்கூட இல்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

"அதாம்ப்பா பயமா இருக்கு." என் பாதத்தை அவள் இன்னும் கீழே விடவில்லை. "சுகர்ல நரம்பு மரத்துப்போச்சு. வலிச்சா கல்லுலேர்ந்து கால எடுத்துருப்பீங்க. வலிக்காததால நடந்துக்கிட்டே இருந்திருக்கீங்க. புண்ணு உள்ளுக்குள்ள போயி... கடைசில..."

நிறுத்திவிட்டாள். கடைசியில் என்ன? மொபைலோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தேடினேன். அங்கே பார்த்த படங்களை விவரித்து உங்கள் காப்பியைக் கெடுக்க மாட்டேன். வெளியே வரும்போது என் கணக்கில் கால் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கடையில் ஒற்றைச் செருப்பு தருவார்களா? ஐந்தருவிப் பாறையில் கட்டைக் காலை ஊன்றி எப்படிக் குளிப்பது? மச்சினனுக்கு போன் போட்டேன்.

"மாப்ள, என் பைக்க நீயே வச்சுக்கோ."

"எதுக்கு அத்தான்?"

"கிக்கர் ஒதைக்கக் கால் வேணும்லா."

"அது செல்ஃப் ஸ்டார்ட்லா அத்தான்."

பயந்தவனுக்கு ஆறுதல் சொல்ல நல்ல ஆள்!

மறுநாள் சங்கரி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கட்டுப் போட்டார். மாத்திரையைக் கூட்டினார். காலைக் கீழே ஊன்றாதே என்றார். அடுத்த சில வாரம் வீட்டுக்குள் நான் உற்சவர்தான் — இந்த முறை நிஜமாகவே பிறர் தூக்கிப்போனார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் சங்கரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் புருவம் கொஞ்சம் சுருங்கினால் போதும், எனக்கு வேர்த்துவிடும். பாதத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

லீவு முடிந்து அவள் போய்விட்டாள். வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, கோவிலுக்கு வெயில் தாழ்ந்த பிறகு — எல்லாம் அவள் உத்தரவு. வீடியோ காலில் இப்போதெல்லாம் என் முகத்தை அவள் முதலில் கேட்பதில்லை. "பாதத்தக் காட்டுங்கப்பா," என்கிறாள். காட்டுகிறேன்.

"உணர்ச்சி திரும்ப வந்துருமா?" என்று ஒருநாள் கேட்டேன். ஜோக் எதுவும் சேர்க்காமல்.

"இருக்கறதக் காப்பாத்தலாம்ப்பா," என்றாள்.

புண் ஆறிவிட்டது. விரல் பத்தும் இருக்கின்றன. சூடு இன்னும் தெரியவில்லை.