முதல் ரேங்க் வயிறு

மாஸ்டர் வாழ்க்கையில் முதல் ரேங்க் வாங்கியது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. அதுவும் மலத்தில். மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம். இடையில் மணியடித்து எச்சரிக்க ஆளில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாமி கும்பிட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே ஒரு கால் மட்டும் தடித்துப்போன மனிதர். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச். கல்யாணத்தில் பெண் வீட்டாருக்கு மூன்றாவது சாய்ஸ். வீட்டில் டிவி ரிமோட் அவர் கைக்கு வந்தால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி டாக்டரம்மாவும் ஒருவர். குடல் கிருமிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். ரிவர்ஸ் கியர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுவார். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது சும்மா கேட்டார்.

"மாஸ்டர், கடைசியா ஆன்டிபயாட்டிக் மாத்திரை எப்ப சாப்பிட்டீங்க?"

"எனக்கு மாத்திரையே எறங்காது மேடம். தொண்டைல நின்னுக்கிட்டு ஆட்டம் காட்டும். அதனால எந்த மாத்திரையும் கெடையாது."

"வயிறு?"

"அலாரம் மாதிரி மேடம். காலைல கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே அது முழிச்சுக்கும்."

பச்சை விழுந்தது. டாக்டரம்மா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கதறின. அவரோ மாஸ்டரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், நகைக்கடைக் கண்ணாடி வழியாக நெக்லஸைப் பார்ப்பதுபோல.

விஷயம் இதுதான். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நல்ல குடித்தனக்காரர்கள். தும்மலுக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று என்று மருந்தை விழுங்கினால் நல்லவர்களும் சேர்ந்து காலியாகிறார்கள். காலி வீட்டில் ஒரு போக்கிரிக் கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேதி, காய்ச்சல், சிலருக்கு உயிரே போய்விடும். மருந்து கொடுத்தால் ஓடும், மருந்தை நிறுத்தினால் திரும்பி வரும்.

"ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தைச் சுத்தம் பண்ணி நோயாளி குடலுக்குள்ள விட்டா, நல்ல கூட்டம் மறுபடி குடியேறும். போக்கிரிக்கு எடம் இருக்காது" என்றார் டாக்டரம்மா.

"ஆளில்லாத ரோட்டுல பசங்க ரேஸ் விடறாங்க. நீங்க என் வீட்டு டிராஃபிக்கைக் கொண்டுபோய் அங்க விடப்போறீங்க. அப்படித்தானே மேடம்?"

"அதேதான் மாஸ்டர்!"

இதைக் கேட்ட மாஸ்டரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஊர்ல ரத்தம் குடுக்கறான், கண்ணு குடுக்கறான். நீங்க போயும் போயும்..."

"என்கிட்ட இருக்கறதைத்தானே குடுக்க முடியும்?"

"கருமம், கருமம். பக்கத்து வீட்ல கேட்டா நான் என்னன்னு சொல்வேன்?"

கேட்டபோது, ஆஸ்பத்திரிக்கு ஆலோசனை சொல்லப் போகிறார் என்று மனைவி சொல்லிவைத்தார். பக்கத்து வீட்டில் நம்பிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நிறைய ஆலோசனைகள் அதைவிட மட்டம்தான்.

பரீட்சை லேசுப்பட்டதில்லை. ரத்தம், மூச்சு, தூக்கம், பரம்பரை எல்லாவற்றையும் நோண்டினார்கள். ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் ஃபெயில். பச்சைக் காய்கறி தவிர எதையும் தொடாத ஜிம் மாஸ்டர் ஃபெயில், அழுதாராம். ஆராய்ச்சிக் குழுவின் தலைவரே ரகசியமாகத் தன்னுடையதைப் பரிசோதித்துப் பார்த்து ஃபெயில். மாஸ்டர் மட்டும் பாஸ்.

அதற்கென்று ஒரு தனி அறை. கதவுக்கு மேலே பச்சை பல்பு. உள்ளே கழிவறை இருக்கைக்கு அடியில் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம். சுவரில் ஒரு சின்னக் கதவு. கிண்ணத்தை மூடி அதன் வழியாகத் தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் நர்ஸ் வாங்கிக்கொள்வார். வாங்குவதற்கு முன் தினமும் மந்திரம் மாதிரி கேட்பார்.

"காய்ச்சல்? வலி? வீக்கம்? எங்கயாவது புண்ணு? ஏதாவது மருந்து?"

"இல்லம்மா, இல்லம்மா, இல்லம்மா."

பிறகு தீர்ப்பு. சுவரில் ஏழு வகைப் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், ஆட்டுப் புழுக்கையில் ஆரம்பித்துச் சாக்கடையில் முடியும். மாஸ்டருடையது எப்போதும் நடுவில்.

"சூப்பர் சார்! மழமழன்னு, ஒரு வெடிப்பு இல்ல."

மாஸ்டருக்குக் காது சிவந்துவிடும். இத்தனை வருஷத்தில் அவர் செய்த எதையும் பார்த்து யாரும் மழமழ என்று சொன்னதில்லை. வாசலில் அவர் காருக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். செக்யூரிட்டி சல்யூட் அடித்தார். மாஸ்டரின் நடை மாறியது. தட்டில் கீரையும் பயறும் குவிந்தன. மனைவி திட்டிக்கொண்டே அதையே தானும் சாப்பிட்டார். ஒரு வீட்டில் இரண்டு சமையல் செய்ய அவருக்கென்ன பைத்தியமா?

அப்போதுதான் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது.

முதலில் குடைந்தது. பிறகு இடித்தது. பிறகு கன்னம், உள்ளே யாரோ எலுமிச்சம்பழத்தை ஒளித்துவைத்த மாதிரி வீங்கியது. மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்: பல் டாக்டரிடம் போனால் ஆன்டிபயாட்டிக். ஆன்டிபயாட்டிக் என்றால் பல மாதங்களுக்குப் பச்சை பல்பு கிடையாது.

"பல்லுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்? இது மேல்மாடி. அது கீழ்த்தளம்."

"ரெண்டுக்கும் ஒரே குழாய்தான். வாயைத் திறங்க, பாக்கறேன்."

"வேணாம்."

"வீங்கிப் போயிருக்கு. உடம்பு கொதிக்குது. அப்படி என்ன அந்த ரூம்ல உங்களுக்கு மாலையா போடறாங்க?"

மாலைதான் போடுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? மாஸ்டர் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து டாக்டரம்மாவே அறை வாசலில் காத்திருந்தார்.

"மாஸ்டர், ஃப்ரீஸர்ல ஸ்டாக் தீந்துபோச்சு. இன்னிக்கு உங்களோடதை அப்படியே நேரா வைக்கப்போறோம். ஒரு டீச்சரம்மா. அந்தப் போக்கிரி மூணாவது தடவையா திரும்ப வந்திருக்கு. எழுந்து உக்காரக்கூட முடியல. மத்தியானம் வைக்கறோம்."

மாஸ்டருக்குப் பெருமையில் பல்வலி கொஞ்ச நேரம் மறந்தே போனது. உள்ளே போனார். வயிறு கைவிடவில்லை. சின்னக் கதவு திறந்தது.

"காய்ச்சல்? வலி? வீக்கம்? புண்ணு? மருந்து?"

ஐந்தில் ஒன்று மட்டும்தான் இல்லை. மாஸ்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னார்.

"இல்லம்மா."

"சளியா சார்? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"தூசிம்மா. வெறும் தூசி."

"சரி சார். வழக்கம்போல சூப்பர்!"

அடுத்த வகுப்பு ஒரு அத்தைக்கு. யாருக்கு அத்தை என்று தெரியாது, டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவர் அத்தை. மைதானத்தைச் சுற்றி இரண்டாவது ரவுண்டில், இடது பக்கம் நின்ற பெரிய குப்பைத்தொட்டியை அத்தை சர்வசாதாரணமாக மோதித் தள்ளினார். பல்வலியில் மாஸ்டரின் கால் பிரேக்குக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

"அத்தை! அம்மாம் பெருசு குப்பைத்தொட்டி, கண்ணு தெரியலயா?"

"தெரியலப்பா" என்றார் அத்தை அமைதியாக. "இடது கண்ணுல புரை. ஒன்னும் தெரியாது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? அங்க ஒரு மனுஷன் நின்னிருந்தா?"

"சொன்னா ஓட்ட விட மாட்டியேப்பா. இந்த வயசுல எனக்குன்னு ஆசையா ஒன்னு கெடைச்சுது. யாரும் நிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

மாஸ்டர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாய் வலித்தது. உருண்டு கிடந்த குப்பைத்தொட்டியைப் பார்த்தார். அதன் இடத்தில், எழுந்து உட்கார முடியாத, முகம் தெரியாத அந்த டீச்சரம்மா வந்து படுத்துக்கொண்டார்.

"அத்தை, எறங்கிப் பின்னாடி உக்காருங்க."

"ஏன்ப்பா, போலீஸா?"

"ஆஸ்பத்திரி."

"எனக்கு ஒன்னும் அடிபடலயே! என் வகுப்பு நேரம் போகுதே!"

வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மெதுவாகப் போகச் சொன்ன மனிதர், எல் போர்டு வைத்த காரில் அன்றைக்குப் பறந்தார். அத்தை பின்சீட்டில், "இப்படி ஓட்டத்தான் எனக்கும் கத்துக்குடேன்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மாவின் அறைக்குள் மாஸ்டர் கதவைத் தட்டாமல் நுழைந்து முகக்கவசத்தைக் கழற்றினார். வேறெதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கன்னமே சொல்லிவிட்டது.

டாக்டரம்மா தொலைபேசியைப் பிடுங்கி எடுத்தார். "வெச்சாச்சா? இல்லையா? நிறுத்துங்க. அந்த சாம்பிளைக் கொட்டிடுங்க. எல்லாத்தையும்!" போனைச் சத்தம் வராமல் வைத்தார். அவர் கத்தியிருந்தால் மாஸ்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏன் மாஸ்டர்?"

"ஃபர்ஸ்ட்டா இருந்தேன் மேடம்" என்றார் மாஸ்டர். "அதான்."

பல்லைப் பிடுங்கினார்கள். மாத்திரை இறங்காது என்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுத்தார்கள், ஸ்ட்ராபெரி வாசனையோடு. அவர் வயிற்றிலிருந்த ராஜ்ஜியம் ஸ்ட்ராபெரி வெள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. பார்க்கிங் இடத்தில் வேறு யாரோ வண்டியை நிறுத்தினார்கள். செக்யூரிட்டியின் கை சல்யூட்டுக்குப் பாதி உயர்ந்து, அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது.

வீட்டில் மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுத்தார். மனைவி "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தார். அவர் ஆரம்பிக்கவில்லை. போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு, "அந்த டீச்சர் எப்படி இருக்காங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

"மருந்துல வெச்சிருக்காங்களாம். வேற ஆள் தேடறாங்க. கெடைக்கல."

மனைவி விளக்கை அணைத்தார். மறுநாள் காலை டாக்டரம்மாவுக்கு அவரே போன் போட்டதை மாஸ்டர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"எனக்கும் மாத்திரை சேராதும்மா. காய்ச்சல் வந்தா போர்த்திக்கிட்டு இவரைத் திட்டுவேன், சரியாயிடும். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. என்னோடதைப் பாருங்களேன்... ஆமா, அதைத்தான் சொல்றேன், வேற எதைச் சொல்வேன்?"

ரத்தம், மூச்சு, தூக்கம், பரம்பரை. பல் உட்பட எல்லாம் பாஸ்.

முதல் நாள் மாஸ்டர்தான் ஓட்டிக்கொண்டு போனார். பச்சை பல்பு எரிந்தது. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், கதவில் வாயை வைத்தார்.

"அவசரப்படாதே. மூச்சை ஒரே சீரா விடு. முக்காதே, அது தானா வரும்."

"எனக்குத் தெரியும், போங்க அங்கிட்டு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நர்ஸ் வந்து அவரைக் கையோடு பெஞ்சுக்கு அழைத்துப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சின்னக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. டாக்டரம்மாவே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு பக்கம் ஓடினார். நர்ஸ் மாஸ்டரைத் தாண்டிப் போகும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"எப்படிம்மா?"

"அருமை சார்."

"என்னோடதைவிடவா?"

நர்ஸ் நல்ல பெண். "ரெண்டும் ரெண்டு விதம் சார்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நழுவினார். மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே இரண்டாம் ரேங்க்.

பெஞ்சில் பக்கத்திலிருந்த பெரியவர், "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று விசாரித்தார்.

"உடம்பெல்லாம் நல்லா இருக்கு" என்றார் மாஸ்டர், பிடுங்கிய பல்லின் ஓட்டை தெரியச் சிரித்து. "உள்ள இருக்கறது என் பெண்டாட்டி. ஆலோசனை சொல்ல வந்திருக்கா."