மச்சம் படாத வாளி

எங்கள் கோவிலுக்குச் செயலாளர் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தோட்டத்து ஆண்கள் ஒருவருக்கும் மலாயில் நாலு வரி கடிதம் எழுத வராது, என் தலையில் கட்டிவிட்டார்கள். வாரம் முழுக்க நீலாயில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோவில் வேலை. பெடாஸ் பக்கம் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற மாரியம்மன் கோவில் அது. லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டோம், திருவிழாவுக்கு மட்டும் வந்து சேர்வோம். மற்ற நாளில் கைப்பேசிக் குழுவில்தான் கோவில் நடக்கும். அந்தக் குழுவுக்கு அட்மினும் நான்தான்.

பெரியக்காவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மலாய்க்காரர். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் லாரி ஓட்டினார், லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அம்மா விடிவதற்கு முன்னால் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போய்விட்டால், என் தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தது அவர்தான். அப்போது அவருக்கே பத்துப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். தம்பிக்கு அவர் பெரியக்கா, நான் சின்னக்கா. கூடப்பிறந்தவள் எனக்கு இரண்டாம் இடம். நானும் அவரைப் பெரியக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் பேசுவது அசல் தோட்டத்துத் தமிழ். என் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுவார், அவர்களைவிட நன்றாகத் திட்டுவார். என்னிடம் ஒரு நாளும் மலாயில் பேசியதில்லை. ஐம்பத்திரண்டு வயதான பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு வருஷா வருஷம் பெரியக்கா வீட்டிலிருந்து சிராப் சர்பத் வரும். ரோஸ் நிறத்தில், ஐஸ் மிதக்க மிதக்க, ஒரு மஞ்சள் வாளி நிறைய. அந்த வாளியை அதற்கென்றே வாங்கிவைத்திருந்தார். விரதம் இருக்கிறவர்கள் குடிக்கிறது என்பதால் மீன், இறைச்சி எதையும் அதன் பக்கத்தில் அண்டவிடமாட்டார். திருவிழா முடிந்ததும் கழுவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரி மேலே ஏற்றிவிடுவார். "மச்சம் படாத வாளி பாப்பா, தைரியமா ஊத்து" என்பார். வருஷத்துக்கு வருஷம் அதே வசனம்.

அந்த வருஷம் தம்பி மனைவி பால்குடம் எடுத்தாள். அருள் வந்து ஆடினாள். யாரோ ஒருவன் ஓரமாக நின்று படம் பிடித்திருக்கிறான். மூன்றாம் நாள் அது இணையத்தில் வந்தது. அவள் ஆடுகிற ஆட்டத்துக்குக் குரங்குச் சத்தம் சேர்த்து, கீழே எங்கள் சாமியையும் நிறத்தையும் பற்றி மலாயில் நாலு வார்த்தை எழுதியிருந்தான். பாவி, ஆயிரக்கணக்கான பேர் பார்த்துச் சிரித்திருந்தார்கள். தம்பி மனைவி ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

படம் எங்கள் குழுவுக்கு வந்ததும் தம்பி ஒரு குரல் பதிவு போட்டான். நாற்பது விநாடி இருக்கும். அவன் மனைவிக்கு நடந்ததற்குக் கோபப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் படம் எடுத்தவனை அவன் திட்டவில்லை. மலாய்க்காரர்களின் மதத்தை, அவர்கள் வீட்டுப் பெண்களை, மொத்த இனத்தையும் இழுத்துப் போட்டு நாறடித்தான். அதில் இங்கே எழுதக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: "அவனுங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கிறவன் தமிழனே இல்ல." மற்றதை எழுத என் கை வரவில்லை. அன்றைக்கு மட்டும் கை வந்தது. அட்மின் நான், அதை அழித்திருக்க வேண்டும். அழிக்காமல் கீழே மூன்று சிரிப்பு முகம் போட்டேன்.

அப்புறம் செயலாளர் வேலையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அவமானம் நடந்தால் பத்துப் பேர் சேர்ந்து பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய், ரிப்போர்ட் போட்டு, வாசலில் நின்று அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். இனம், மதம் இரண்டையும் யாரும் இழிவாகப் பேசக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. தேச நிந்தனைச் சட்டம், பல்லூடகச் சட்டம் என்று எல்லாவற்றையும் தேடிப் படித்து, மலாயில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது எவ்வளவு பெருமை எனக்கு! அந்த ஒன்றரைப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் தம்பிக்கும் பொருந்தும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பெரியக்கா தானாகவே எங்களோடு வந்தார். "நானும் வரேன். மலாய்க்காரி ஒருத்தி கூட வந்து தப்புன்னு சொன்னா அவங்களுக்கும் உறைக்கும்ல" என்றார். கோவில் தலைவர், தம்பி, நான், பெரியக்கா, இன்னும் நாலைந்து பேர், கோவில் வேனில் போனோம். வழி நெடுக அவர் தமிழில் அந்தப் படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டே வந்தார். வேனை ஓட்டிய தம்பி வாய் திறக்கவில்லை. கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கவுண்டரில் ஒரு கோப்ரல், சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார். கடிதத்தைப் படித்துவிட்டு ஆதாரம் கேட்டார். நான் என் கைப்பேசியில் குழுவைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார், முகம் சுளித்தார். விரலால் மேலும் தள்ளினார். அடுத்து இருந்ததும் ஆதாரம்தான் என்று நினைத்து அழுத்திவிட்டார்.

தம்பியின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

நாற்பது விநாடி. பிடுங்கி அணைக்கலாம் என்றால் கைப்பேசி போலீஸ்காரர் கையில். தம்பிக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. போலீஸ் பார்த்து நற்சான்று கொடுத்தால்தான் உள்ளே போகும் பாஸ். ஒரு வழக்கு வந்தால் பாஸ் போகும், வேலை போகும், உள்ளே தள்ளினாலும் தள்ளலாம். இரண்டு பெண் பிள்ளைகள். அவன் சுவரைப் பார்த்து நின்றான். தலைவர் தரையைப் பார்த்தார். நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவர் தலையில் போட்டிருந்த துடோங்கின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, கைப்பேசித் திரையைப் பார்த்தபடியே கடைசி வார்த்தைவரை கேட்டார்.

கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பெரியக்கா எங்களோடு தமிழில் பேசியதைப் பார்த்திருந்தார். அவரிடமே மலாயில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்: "காக், உங்களுக்குப் புரியுமே. என்ன சொல்கிறான்?"

அந்த நேரத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் அவர் வாயில் இருந்தது. அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது. சொல்லப்பட்டது அவரைத்தான்.

"பொண்டாட்டிய அசிங்கப்படுத்திட்டாங்கன்னு அழுவுறான், சார். வேற ஒண்ணுமில்ல" என்று மலாயில் சொன்னார்.

கோப்ரல் தலையாட்டினார். விசாரணைக்கு இந்தக் கைப்பேசியை வைத்துக்கொள்ள வேண்டும், சோதனைக்கு அனுப்புவார்கள், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். சோதனைக்குப் போனால் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். அப்போது பெரியக்கா தன் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்தப் படம் என்கிட்டயும் இருக்கு. நேரா அவன் போட்ட பக்கத்துலேருந்தே எடுத்தது. என்னோடதை வச்சிக்கங்க." அவர் வீதியோரம் கறிப்பாப் பலகாரம் பொரித்து விற்கிறவர். ஆர்டர் எல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் வரும். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தோம். தலைவர் வழக்கம்போல எல்லாரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார். "வாங்கம்மா, நீங்க நடுவுல நில்லுங்க" என்று பெரியக்காவைக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, கீழ சிரிச்சிருந்தது நீதானே?"

"அது சும்மாக்கா... கோவத்துல..." என்று இழுத்தேன். வேறு என்ன சொல்வது? கோபத்தில் யாராவது சிரிப்பார்களா?

அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வேனில் இடம் இருக்கிறது என்று தம்பி பின்னாலேயே போய்க் கூப்பிட்டான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி வந்து ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. நாங்கள் படம் மட்டும் எடுத்துக்கொண்டோம். அதில் காகிதத்தைப் பிடித்திருப்பது நான்தான்.

வழக்கு நடந்தது. படம் எடுத்தவன் கல்லூரி மாணவன், பத்தொன்பது வயது. சிரம்பான் கோர்ட்டில் பார்த்தேன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான், அபராதம் போட்டார்கள். கல்லூரியிலும் நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானைக்குப் பதில் துடோங்கால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் மலாயில் எழுதினான், மாட்டினான். தம்பி தமிழில் பேசினான், பிழைத்தான். எங்கள் குழுவில் கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. நீதி வென்றதாம். நான் ஒன்றும் போடவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் குரல் பதிவையும் என் சிரிப்பையும் அழித்தேன். யாருக்கு என்ன லாபம்.

அதற்குள் எத்தனையோ முறை பெரியக்கா வீட்டுக்குப் போக நினைத்தேன். வேலை, மழை, காய்ச்சல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. அடுத்த திருவிழா வந்தது. தண்ணீர்ப் பந்தலுக்குச் சிராப் வரவில்லை. பிள்ளைகள், "ரோஸ் தண்ணி எங்க ஆன்ட்டி?" என்று கேட்டார்கள். கடையில் போத்தல் வாங்கிக் கலக்கினோம்.

திருவிழா முடிந்த மறுநாள் துணிந்து போனேன். முறுக்கும் பொங்கலும் எடுத்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "பெரியக்கா, தப்பு என்மேலதான். தம்பி வாயால பேசினான், நான் மனசாரச் சிரிச்சேன்." இதுவரை சரியாக வந்தது.

அவர் வீட்டு வாசலில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலையாக இருந்தார். பக்கத்தில் மஞ்சள் வாளி. அதில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கறிப்பாப்புக்குள் வைக்கிற மீன். தண்ணீர் சிவந்திருந்தது, செதில்கள் விளிம்பில் ஒட்டியிருந்தன.

என்னைப் பார்த்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுகிற அதே முகம்.

"யா, புவான். நாக் பெராப்பா?" என்றார். சொல்லுங்க அம்மா, எத்தனை வேணும் என்று.

பாப்பா என்று கூப்பிட்ட வாய். முறுக்குப் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"லீமா" என்றேன் நானும், மலாயில். ஐந்து கறிப்பாப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.